பைபிள் எங்கிருந்து வந்தது? முஸ்லிம் நண்பர்களும் சைவ நண்பர்களும் கேட்ட கேள்விகள், என் பதில்கள்

நான் பாளையங்கோட்டைக்காரன். சைக்கிளை எடுத்தால் கொஞ்ச நேரத்தில் மேலப்பாளையம். கல்லூரி நாட்களில் என் கூட்டாளிகளில் பாதிப் பேர் அங்கிருந்து வந்த முஸ்லிம்கள். மீதிப் பேர் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள சைவ வீட்டுப் பிள்ளைகள். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் கிரிக்கெட்டில் ஆரம்பிக்கிற பேச்சு, இருட்டுகிற நேரத்தில் வேதத்தில் வந்து நிற்கும்.

ஒருநாள், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை நிரூபிக்க 1 யோவான் 5:7-ஐ எடுத்து வாசித்தேன்: “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்.” மேலப்பாளையத்து நண்பன் அப்போது ஒன்றும் பேசவில்லை. மறுநாள் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தை யாரிடமோ இரவல் வாங்கிவந்து, அதே இடத்தைப் பிரித்து என் மடியில் வைத்தான். அங்கே பிதாவும் இல்லை, வார்த்தையும் இல்லை. ஆவி, நீர், இரத்தம் என்று மூன்று சாட்சிகள் மட்டும் இருந்தன. “ஏல, அந்த வசனம் எங்கல போச்சு?” என்றான். சபையில் ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டேன். “அதையெல்லாம் கிளறக் கூடாது தம்பி” என்றார்.

என்னால் கிளறாமல் இருக்க முடியவில்லை. அன்று தொடங்கிய வாசிப்பு இன்னும் முடியவில்லை. அதன்பின் பலர் பலவிதமாகக் கேட்ட கேள்விகளையும் நான் இப்போது சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் விசுவாசி. அதை மறைத்துக்கொண்டு எழுதவில்லை.

பைபிளை எழுதியது யார்?

பைபிள் என்ற சொல்லே ‘புத்தகங்கள்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரே அட்டைக்குள் கட்டப்பட்ட நூலகம் அது. பல நூற்றாண்டுகளில் பலர் எழுதியது. பழைய ஏற்பாடு எபிரேயத்தில் இருக்கிறது. தானியேல், எஸ்றா நூல்களில் சில பகுதிகள் அரமேயத்தில் உள்ளன. புதிய ஏற்பாடு முழுக்க அன்றாடப் புழக்கத்திலிருந்த கிரேக்கத்தில் எழுதப்பட்டது.

புதிய ஏற்பாட்டில் சுவிசேஷங்கள் முதலில் வருவதால் அவைதாம் முதலில் எழுதப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். காலத்தால் முந்தியவை பவுலின் கடிதங்கள். அவை கி.பி. 50-ஐ ஒட்டித் தொடங்குகின்றன. சுவிசேஷங்களில் மாற்கு முந்தியது, ஏறக்குறைய கி.பி. 70 என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. இயேசு சிலுவையில் அறையப்பட்டு ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற பெயர்கள் தலைப்பில்தான் இருக்கின்றன. எந்தச் சுவிசேஷத்திலும் எழுதியவர் உள்ளே தன் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பெயர்களைச் சபையின் மரபு நமக்குத் தந்தது. இதைச் சொல்ல எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இயேசு பேசியது அரமேயம். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு, சில இடங்களில் அந்த மூலச் சொல்லை அப்படியே விட்டுவைத்திருக்கிறார். செத்துக்கிடந்த சிறுமியின் கையைப் பிடித்து ‘தலீத்தாகூமி’, சிறு பெண்ணே எழுந்திரு, என்று இயேசு சொன்ன இடம் ஒன்று. அந்த ஒரு சொல்லைப் படிக்கும்போதெல்லாம் யாரோ அந்த அறைக்குள் நின்று கேட்டதுபோல் எனக்குத் தோன்றும்.

ஈசா நபிக்கு அருளப்பட்ட இன்ஜீல் எங்கே? உங்களிடம் இருப்பது மத்தேயு, மாற்கு எழுதியதுதானே?

முஸ்லிம் நண்பர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். ஈசா நபி என்று அவர்கள் சொல்வது இயேசுவை, இன்ஜீல் என்பது அவருக்கு அருளப்பட்ட வேதத்தை. நாங்கள் ஒரே சொல்லால் வெவ்வேறு பொருளைச் சொல்கிறோம் என்பதுதான் சிக்கல்.

முஸ்லிம்களுக்கு வேதம் என்றால் இறைவனிடமிருந்து நபிக்குச் சொல்லுக்குச் சொல் இறங்கியது. நபி அதைப் பெற்றுத் தந்தவர். அந்தக் கணக்கில் ஈசா நபிக்கும் ஒரு நூல் இறங்கியிருக்க வேண்டும். கிறிஸ்தவர்கள் அப்படி நம்புவதில்லை. எங்களுக்கு வார்த்தை என்பது இயேசுவே. அவரைப் பார்த்தவர்களும் பார்த்தவர்களிடம் கேட்டவர்களும் கொடுத்த சாட்சிதான் சுவிசேஷம். லூக்கா தன் முதல் நான்கு வசனங்களில் அதை நேராகவே சொல்கிறார்: பலர் எழுதியிருக்கிறார்கள், நானும் ஆதிமுதல் எல்லாவற்றையும் திட்டமாய் விசாரித்து வரிசையாக எழுதுகிறேன் என்று. விசாரித்து எழுதிய ஒரு மனிதரின் குரல் அது. பரிசுத்த ஆவி அந்த விசாரணைக்குள்ளேயே வேலை செய்தார் என்பது எங்கள் நம்பிக்கை.

சைவ நண்பர்களுக்கு இன்னொரு அளவுகோல் இருக்கிறது. வேதம் எவராலும் இயற்றப்படாதது, காதால் கேட்டு வாயால் காக்கப்படுவது என்பது அவர்கள் மரபு. மூன்று பேரும் ‘வேதம்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு பேசுகிறோம். அதனால் முதல் அரை மணி நேரம் இந்த வித்தியாசத்தைப் பேசிவிட்டால், பிறகு வரும் சண்டைகளில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

நைசியா சங்கத்தில் கான்ஸ்டன்டைன் பேரரசர் வாக்கெடுப்பு நடத்தித்தானே பைபிள் நூல்களைத் தேர்ந்தெடுத்தார்?

இல்லை. கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கம், இயேசு படைக்கப்பட்டவர் என்ற ஆரியுஸின் போதனையையும், ஈஸ்டர் எந்த நாளில் வர வேண்டும் என்பதையும் விவாதித்தது. அது 20 விதிகளை இயற்றியது. அவற்றில் ஒன்றுகூட எந்தெந்த நூல்கள் வேதம் என்பதைப் பற்றியது அல்ல. நூல்களையெல்லாம் பீடத்தருகே வைத்து ஜெபித்தார்கள், போலிகள் கீழே கிடந்தன என்ற கதை 9-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில் வருகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் அதைப் பரப்பினார். நம் காலத்தில் நாவலும் சினிமாவும் வாட்ஸ்அப்பும் பரப்புகின்றன.

நடந்ததைப் புரிந்துகொள்ளத் தமிழர்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. திருமுறையை நினைத்துக்கொள்ளுங்கள். நம்பியாண்டார் நம்பி தேவாரத்தைத் தொகுத்தார் என்கிறோம். அவர் தொகுத்ததால்தான் தேவாரம் தேவாரமாயிற்றா? அதற்கு வெகுகாலம் முன்பே கோயில்களில் அது பாடப்பட்டு வந்தது. பாடப்பட்டதால்தான் தொகுக்க வேண்டியிருந்தது. பெரியபுராணம் பிறகு வந்து பன்னிரண்டாம் திருமுறையாகச் சேர்ந்தது. சபையிலும் ஏறக்குறைய இதே கதைதான். பவுலின் கடிதம் கொரிந்துவில் வாசிக்கப்பட்டது, பிரதி எடுத்து அடுத்த ஊருக்குப் போயிற்று. கி.பி. 180 வாக்கில் லியோன் நகரத்து ஐரேனியஸ், சுவிசேஷம் நான்கே என்று வாதாடுகிறார். எபிரெயர், யாக்கோபு, 2 பேதுரு, யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகியவற்றைப் பற்றி நெடுநாள் இழுபறி இருந்தது. இன்று நம் கையிலுள்ள 27 நூல்களையும், கூடுதல் குறைவு இல்லாமல், பட்டியலிட்ட முதல் ஆவணம் அலெக்சாந்திரியா ஆயர் அத்தநாசியுஸ் கி.பி. 367-இல் எழுதிய ஈஸ்டர் மடல். நைசியா முடிந்து 42 வருடம் கழித்து.

கத்தோலிக்கருக்கு 73 நூல், உங்களுக்கு 66. அப்படியானால் யாருடையது உண்மையான பைபிள்?

புதிய ஏற்பாட்டில் இருவருக்கும் பேதமில்லை. 27 தான். வித்தியாசம் பழைய ஏற்பாட்டில். கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் தங்கள் நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்திருந்தார்கள். அந்தக் கிரேக்கத் தொகுப்பில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்ற நூல்களும் இருந்தன. ஆதிச் சபை பெரும்பாலும் கிரேக்கத்தில்தான் வாசித்தது. சீர்திருத்தக்காரர்கள் 16-ஆம் நூற்றாண்டில் எபிரேயத் தொகுப்புக்குத் திரும்பினார்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1546-இல் திரெந்து சங்கத்தில் தன் பட்டியலை உறுதிசெய்தது. எத்தியோப்பியத் திருச்சபையில் 81. நான் 66 வைத்திருக்கும் சபையில் வளர்ந்தவன். ஆனாலும் மக்கபேயரை வாசிக்காமல் இயேசுவின் காலத்து யூதேயாவைப் புரிந்துகொள்ள முடியாது என்று எங்கள் வாலிபர்களிடம் சொல்லிவருகிறேன்.

பைபிள் மாற்றப்பட்டதா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

ஓலைச்சுவடி பார்த்த சமூகம் நாம். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க எத்தனை ஏடுகளைத் தேடி அலைந்தார், ஏட்டுக்கு ஏடு எத்தனை பாடபேதம் கண்டார் என்பது நமக்குத் தெரியும். கம்பராமாயணத்தில் மிகைப்பாடல்கள் என்று ஒரு கூட்டமே தனியாக அச்சாகிறது. கையால் படியெடுக்கிற எந்த நூலுக்கும் இது நேரும். புதிய ஏற்பாட்டுக்கும் நேர்ந்தது. கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் மட்டும் 5,000-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கிடையே பாடபேதங்கள் லட்சக்கணக்கில் உண்டு. பெரும்பாலானவை எழுத்துப்பிழை, சொல் முன்பின்னாக மாறியது, ஒரு வரி விட்டுப்போனது. ‘5,000 பிரதி இருக்கிறது’ என்று மேடையில் முழங்கும் நம் பிரசங்கிகள், அவற்றில் பெரும்பகுதி 9-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முந்தியவையும் உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் ரைலண்ட்ஸ் நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் துண்டு இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும்: உயரம் சுமார் 9 சென்டிமீட்டர், அகலம் 6. எகிப்தில் கிடைத்தது. இரண்டு பக்கமும் எழுத்து, பக்கத்துக்கு ஏழு வரி, ஒரு வரியும் முழுதாக இல்லை. முன்புறம் பிலாத்துவிடம் யூதர்கள் பேசுவது. பின்புறம், சத்தியத்தைக் குறித்துச் சாட்சி கொடுக்கவே பிறந்தேன் என்று இயேசு சொல்லும் இடம். யோவான் 18-ஆம் அதிகாரம். எழுத்தின் வடிவை வைத்து 2-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். சிலர் இன்னும் சற்றுப் பிந்தியும் வைக்கிறார்கள். இரண்டு பக்கமும் எழுதியிருப்பதால் அது சுருள் அல்ல, புத்தகமாகக் கட்டிய ஏட்டின் கிழிசல் என்று தெரிகிறது. அந்தத் துண்டின் படத்தை அச்சிட்டு என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

பழைய ஏற்பாட்டுக்கு 1947-இல் சாக்கடல் ஓரம் கும்ரான் குகைகளில் தொடங்கிய கண்டுபிடிப்புதான் பெரிய திருப்பம். அதற்கு முன் நம்மிடம் இருந்த முழுமையான எபிரேய வேதாகமப் பிரதிகளில் மிகப் பழையது கி.பி. 1008-ஐச் சேர்ந்தது. குகையில் கிடைத்த ஏசாயா சுருள் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு. ஏழு மீட்டருக்கு மேல் நீளம். ஆயிரம் வருட இடைவெளியைத் தாண்டியும் ஏசாயா அடிப்படையில் அதே ஏசாயாவாகத்தான் இருந்தது. ஆனால் அதே குகைகளில் எரேமியாவின் இன்னொரு வடிவமும் கிடைத்தது. அது கிரேக்க மொழிபெயர்ப்பில் இருப்பதுபோல் சுருக்கமானது, வரிசையும் வேறு. ஏசாயாவை மட்டும் சொல்லி எரேமியாவை மறைப்பது சாட்சிக்கு அழகல்ல.

இனி முக்கியமான மூன்று இடங்கள்.

மாற்கு 16:9 முதல் 20 வரை. மிகப் பழைய முழுப் பிரதிகளான சினாய் ஏட்டிலும் வத்திக்கான் ஏட்டிலும் இந்தப் பகுதி இல்லை. மாற்கு அங்கே 16:8-இல், கல்லறையைவிட்டு ஓடிய பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் போனதோடு முடிகிறது. சர்ப்பங்களை எடுப்பார்கள், சாவுக்கேதுவான யாதொன்றைக் குடித்தாலும் சேதப்படுத்தாது என்ற வசனங்கள் இந்தப் பிற்சேர்க்கையில்தான் வருகின்றன. அதை நம்பிப் பாம்பைப் பிடித்துச் செத்தவர்கள் அமெரிக்காவில் உண்டு. பாடபேதம் வெறும் ஏட்டுச் சமாச்சாரம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

யோவான் 7:53 முதல் 8:11 வரை. விபசாரத்தில் பிடிபட்ட பெண், பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியட்டும் என்ற இடம். மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை. சில பிரதிகளில் இதே கதை லூக்கா 21-இன் முடிவில் வருகிறது. இடம் தேடி அலைந்த கதை. நடந்த நிகழ்ச்சியாக இருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் யோவான் எழுதியது என்று மேடையில் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, என் மடியில் வந்து விழுந்த 1 யோவான் 5:7. ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி’ லத்தீன் மரபில் ஓரக்குறிப்பாக நுழைந்து உரைக்குள் ஏறியது. எராஸ்மஸ் 1516-இலும் 1519-இலும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தபோது அதை விட்டுவிட்டார். எதிர்ப்பு கிளம்பியது, பிரதி ஒன்றும் காட்டப்பட்டது, 1522 பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்துதான் ஐரோப்பிய மொழிகளுக்கும் தமிழுக்கும் வந்தது. அது இடைச்செருகல். என் நண்பன் சரி, நான் தவறு.

நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்புறம் விவாதிக்க என்ன இருக்கிறது?

1854 ஏப்ரலில் ஆக்ராவில் இதே கேள்விதான் எழுந்தது. ஒருபக்கம் ஜெர்மன் மிஷனரி பான்டர். மறுபக்கம் மௌலானா ரஹ்மத்துல்லா கைரானவி, அவருக்குத் துணையாக டாக்டர் வசீர் கான். பான்டர் பழைய தத்துவ வாதங்களோடு வந்தார். வசீர் கானோ ஐரோப்பாவின் புதிய பைபிள் ஆராய்ச்சி நூல்களைப் படித்துவிட்டு வந்திருந்தார். சில இடங்களில் உரை மாறியிருக்கிறது என்று பான்டர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சில இடம் மாறினால் மொத்தத்தையும் எப்படி நம்புவது என்று அவர்கள் கேட்டார்கள். திரித்துவம், குர்ஆன் என்று அடுத்தடுத்துத் திட்டமிட்டிருந்த தலைப்புகளுக்குப் போகாமலே இரண்டு நாளில் விவாதம் முடிந்தது. பிற்பாடு மக்காவில் குடியேறிய கைரானவி எழுதிய ‘இஸ்ஹாருல் ஹக்’ இன்றும் இந்த விவாதங்களின் ஊற்றுக்கண். நம் ஊர் மேடைகளில் கேட்கும் முரண்பாட்டுப் பட்டியல்களில் பல அதிலிருந்து வந்தவை.

என் கணிப்பில் பான்டர் தோற்ற இடம், பாடபேதம் இருப்பதே அவமானம் என்பதுபோல் நடந்துகொண்டது. பாடபேதத்தை நாங்கள் அறிவது எப்படி? பிரதிகளை யாரும் மொத்தமாக எரித்துவிடாமல், ஒன்றுக்கொன்று முரணாகவே விட்டுவைத்ததால்தான். மூன்று இடைச்செருகலையும் கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோர் விசுவாசிகளே. எந்த வசனம் பிந்தியது என்று காட்டுகிற அதே ஆதாரம்தான் எந்த வசனம் முந்தியது என்றும் காட்டுகிறது. இயேசு சிலுவையில் மரித்தார் என்பதும் உயிர்த்தெழுந்தார் என்று சீஷர்கள் அறிவித்தார்கள் என்பதும் பாடபேதத்தால் ஆடுகிற விஷயங்கள் அல்ல. எந்தப் பிரதியை எடுத்தாலும் அவை இருக்கும். அவற்றை நம்புவதா இல்லையா என்பது வேறு கேள்வி. குர்ஆன் 4:157 சிலுவை மரணத்தை மறுக்கிறது. அங்கேதான் நாங்கள் உண்மையிலேயே பிரிகிறோம். பிரதி ஆராய்ச்சி அந்தப் பிரிவைத் தீர்த்துவைக்காது.

இதற்கு முன் இரு தரப்பும் மரியாதையோடு பேசியது உண்டா?

உண்டு. ஏறத்தாழ கி.பி. 781-இல் பாக்தாதில் கலீஃபா அல்மஹ்தி, கிழக்குத் திருச்சபையின் முதுபெரும் தந்தை திமொத்தேயுவை அழைத்து இரண்டு நாள் உரையாடினார். உங்கள் நூல்களை மாற்றிவிட்டீர்களே என்று கலீஃபா கேட்டார். திமொத்தேயு யூதர்களைச் சாட்சிக்கு அழைத்தார்: எங்களுக்கும் அவர்களுக்கும் பகை, ஆனாலும் தீர்க்கதரிசிகளின் நூல்கள் இருவர் கையிலும் ஒன்றாகவே இருக்கின்றன, பகையாளிகள் கூடியா மாற்றியிருப்பார்கள் என்று. முஹம்மதைப் பற்றி என்ன சொல்கிறீர் என்று கேட்டபோது, அவர் தீர்க்கதரிசிகளின் பாதையில் நடந்தார், தம் மக்களைத் தீமையிலிருந்து விலக்கி ஏக இறைவனிடம் திருப்பினார் என்று மனதாரச் சொன்னார்.

அவர் சொன்ன உவமை என் மனதிலேயே நிற்கிறது. இருட்டு வீட்டில் ஒரு முத்து விழுந்துவிட்டது. எல்லோரும் தரையைத் துழாவுகிறார்கள். ஒருவன் கையில் முத்து, இன்னொருவன் கையில் கண்ணாடித்துண்டு, வேறொருவன் கையில் கூழாங்கல். ஒவ்வொருவனுக்கும் தன் கையிலிருப்பதே முத்து என்ற நினைப்பு. வெளிச்சம் வரும்போதுதான் தெரியும். முத்து தம்மிடம் இருக்கிறது என்ற உறுதியைத் திமொத்தேயு கலீஃபாவிடம் மறைக்கவும் இல்லை, அதற்காகக் கலீஃபா அவரைத் தண்டிக்கவும் இல்லை.

1263-இல் பார்சிலோனாவில் நடந்தது வேறு. யூத அறிஞர் நக்மனிதிஸை அரகோன் அரசர் முன்னிலையில் விவாதத்துக்கு நிறுத்தினார்கள். எதிர்த்தரப்பில் யூத மதத்திலிருந்து மாறிய துறவி. நக்மனிதிஸ் திறமையாகவே பேசினார், அரசர் பரிசும் தந்தார். ஆனாலும் கடைசியில் முதிய வயதில் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. ஆட்சியும் வாளும் ஒரு தரப்பின் கையில் இருக்கும்போது நடப்பதை விவாதம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தரப்பு என் தரப்பு என்பது எனக்கு வேதனை.

பர்னபா சுவிசேஷத்தை ஏன் மறைத்தீர்கள்?

மறைக்க அது ஆதிச் சபையில் இருந்ததே இல்லை. வியன்னாவில் இருக்கும் இத்தாலியப் பிரதி 16-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. நூலுக்குள்ளேயே காலம் தெரிகிறது. விடுதலை வருடமான யூபிலி நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவதாகச் சொல்கிறது. மோசேயின் சட்டத்தில் அது ஐம்பது. நூறு என்று 1300-இல் ஏற்படுத்தியவர் போப் எட்டாம் பொனிஃபாஸ். இயேசு படகேறி நாசரேத்தில் இறங்குகிறார். நாசரேத் மலையூர், அங்கே கடலும் இல்லை ஏரியும் இல்லை. இயேசு சிலுவையில் சாகவில்லை என்று சொல்லும் இந்த நூலை ஆதாரமாகக் காட்டும் முஸ்லிம் நண்பர்களிடம் நான் சொல்வது, உங்கள் தரப்புக்கு இதைவிட வலுவான வாதங்கள் இருக்கின்றன என்பதே.

இந்து வேதங்களில் இயேசு சொல்லப்பட்டிருக்கிறார் என்று உங்கள் ஆட்கள் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறார்களே?

கொடுக்கிறார்கள். நிறுத்த வேண்டும். ரிக் வேதம் 10:90 புருஷ சூக்தத்தில் தேவர்கள் புருஷனைப் பலிப்பொருளாகக் கட்டுவது வருகிறது. முள்முடியும் ஆணியும் வரவில்லை. இருப்பதுபோல் சுலோகம் காட்டும் பிரசுரத்தை என்னிடமும் ஒருமுறை நீட்டினார்கள். மூலத்தைப் பிரித்துப் பார்த்தேன், இல்லை.

இதற்கு ஒரு பழைய முன்னோடி புதுச்சேரியிலேயே இருக்கிறது. ‘ஏசுர்வேதம்’ என்ற பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதி ஒன்று வோல்தேரின் கைக்குப் போயிற்று. அவர் அதைத் தொன்மையான பிராமண நூல் என்று நம்பி 1761-இல் பாரிஸ் அரச நூலகத்துக்குக் கொடுத்தார். 1778-இல் அச்சாயிற்று. சில வருடங்களிலேயே சந்தேகம் எழுந்தது. பிறகு, திருக்குறளை நேசித்த சென்னை அதிகாரி எல்லிஸ், அதன் மூலப்பிரதிகள் புதுச்சேரி மிஷனில் கிடந்ததை ஆராய்ந்து, அது தொன்மையான பிராமண நூல் அல்ல, மிஷனரி எழுதியது என்று 1822-இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார். பர்னபாவை விமரிசிக்கும் நாம் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வள்ளுவர் தோமாவிடம் கேட்டு எழுதினார் என்பதும் இந்த வகைதான். தோமா இந்தியா வந்தார் என்ற மரபு மிகப் பழையது, மயிலாப்பூரை நான் பக்தியோடு பார்க்கிறேன். ஆனால் குறளுக்கும் அவருக்கும் முடிச்சுப்போட எந்தச் சான்றும் இல்லை. வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவப் போதகர்களோடு பழகியிருக்கலாம் என்று ஜி.யு.போப் 1886-இல் ஊகித்தார். பெரியவர் சொன்னாலும் ஊகம் ஊகமே.

இயேசு காஷ்மீருக்கு வந்தாரா?

இல்லை. லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் சுவடி கண்டதாக நோட்டோவிச் என்பவர் 1894-இல் எழுதினார். அடுத்த வருடமே ஒரு பேராசிரியர் அங்கே போய்த் தலைமை லாமாவைக் கேட்டார். அப்படி ஒரு சுவடி இல்லை என்றார் லாமா.

ஏசாயா 7:14-இல் ‘கன்னிகை’ என்பது தவறான மொழிபெயர்ப்பா?

எபிரேயத்தில் இருக்கும் ‘அல்மா’ என்ற சொல்லுக்கு இளம்பெண் என்று பொருள். கன்னி என்று அது குறிப்பாகச் சொல்லவில்லை. யூதர்கள் இந்த வசனத்தை ஆகாஸ் அரசன் காலத்துக்கு உரிய அடையாளமாகப் படிக்கிறார்கள். சந்தர்ப்பம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் ‘கன்னி’ என்ற கிரேக்கச் சொல்லை இட்டவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல, கிறிஸ்துவுக்கு முந்திய யூத மொழிபெயர்ப்பாளர்கள். மத்தேயு அந்தக் கிரேக்கத்தை எடுத்தாண்டார். 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின், திரைஃபோ என்ற யூதரோடு நடத்தியதாக எழுதிய உரையாடலில் இந்தச் சொல்லுக்காகவே மல்லுக்கட்டுகிறார்கள். இந்த வசனத்தை மட்டும் வைத்து இயேசுவின் பிறப்பை நிரூபிக்க நான் முயல்வதில்லை.

கடவுளுக்குப் பிள்ளை உண்டா?

உடலால் பிறந்த பிள்ளை என்று எந்தக் கிறிஸ்தவரும் நம்புவதில்லை. ‘மண்ணின் மைந்தன்’ என்று சொல்லும்போது மண் பெற்றெடுத்தது என்றா பொருள்கொள்கிறோம்? குர்ஆனில்கூட வழிப்போக்கரைச் சொல்லும் அரபுத் தொடரின் நேர்ப்பொருள் ‘வழியின் மகன்’. உறவின் நெருக்கத்தையும் ஒரே தன்மையையும் சொல்ல எங்களுக்குக் கிடைத்த சொல் ‘குமாரன்’. திரித்துவம் என்ற சொல் பைபிளில் இல்லை. 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. அதன் விதை மத்தேயு 28:19-இல் இருக்கிறது என்பது எங்கள் வாசிப்பு. 1 யோவான் 5:7 போனதால் அது போய்விடவில்லை.

பைபிளைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலரே பிறகு கிறிஸ்தவத்தை ஏன் எதிர்த்தார்?

வாசித்ததால்தான். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அவரோடு அமர்ந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் நாவலர். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளியைத் தொடங்கினார். 1854-இல், ஆக்ரா விவாதம் நடந்த அதே வருடம், ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதினார்.

மிஷனரிகள் தூபம், தீபம், அபிஷேகம், தீட்டு எல்லாவற்றையும் அஞ்ஞானம் என்று பழித்து வந்தார்கள். நாவலர் அவர்கள் வேதத்தையே அவர்கள் முன் விரித்தார். மோசே காலத்து வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தில் விளக்கு எரியவில்லையா? தூபவர்க்கம் இடவில்லையா? அபிஷேகத் தைலம் இல்லையா? லேவியராகமத்தில் சுத்தம், அசுத்தம் பற்றி இத்தனை அதிகாரம் ஏன்? யெகோவா விதித்தால் ஆராதனை, சிவன் விதித்தால் மூடத்தனமா? இதற்கு அன்றைய மிஷனரிகளிடம் நல்ல பதில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ‘அவையெல்லாம் கிறிஸ்துவில் நிறைவேறிவிட்டன’ என்பது எங்களுக்குள் செல்லுபடியாகும் பதில். வெளியிலிருப்பவரின் வழிபாட்டைப் பழிக்க அது உரிமை தராது. லேவியராகமத்தை நான் முதன்முதலாகக் கவனித்து வாசித்தது நாவலரால்தான்.

நம் பைபிளை இவ்வளவு கிண்டுகிறீர்களே, குர்ஆனைக் கிண்டினால் ஒப்புக்கொள்வார்களா?

இது எங்கள் சபை வாலிபர்கள் கேட்பது. உஸ்மான் கலீஃபா ஒரே சீரான பிரதியை உண்டாக்கி மற்றவற்றை எரிக்கச் சொன்ன செய்தியை ஏதோ துப்பறிந்து கண்டுபிடித்ததுபோல் பேசுகிறார்கள். அதைப் பதிவுசெய்திருப்பதே முஸ்லிம்களின் மரபுதான். ஓதும் முறைகளின் வேறுபாட்டுக்கும் அவர்களிடம் பெயரும் படிப்பும் உண்டு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் குர்ஆன் ஏடுகளின் தோலைக் கரிமச் சோதனை செய்தபோது கி.பி. 568 முதல் 645 வரை என்று வந்தது. நபிகளின் காலத்துக்கு அத்தனை அருகில். நம் பாப்பிரஸ் துண்டைச் சொல்லி மகிழும் வாய், அந்த ஏடுகளையும் சொல்ல வேண்டும். தராசு ஒன்றாக இருக்கட்டும். ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’ பதில் சொல்லுங்கள் என்று பேதுரு எழுதியது இந்த இடத்துக்குத்தான்.

நான் கிறிஸ்தவன் அல்ல. வாசித்துப் பார்க்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

மாற்கு. பதினாறே அதிகாரம், ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். பழைய மொழிபெயர்ப்பு ஒன்றும் திருவிவிலியமும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ‘தேவன்’, மற்றதில் ‘கடவுள்’. அதற்கு முன் 18-ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர் ஃபெப்ரீஷியஸ் ‘பராபரன்’ என்றார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார். நம் மொழியிலேயே அந்தப் பெயருக்கு இத்தனை தேடல்.

16:8 வந்ததும் நிறுத்துங்கள். கல்லறை திறந்துகிடக்கிறது, பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஏட்டில் அங்கேதான் முடிந்திருக்கிறது. மீதியைப் படிக்கும் முன் ஒரு டீ குடித்துவிட்டு, யாரையாவது கூப்பிட்டு அதைப் பற்றிப் பேசுங்கள். நானும் அந்த நண்பனும் இப்போதும் அப்படித்தான் செய்கிறோம். அவன் மேலப்பாளையத்திலிருந்து வருவான், என் வேதாகமத்தை அவனே பிரிப்பான்.